பம்பாய்த் தம்பதியர் மேற்கொண்ட மலைநாட்டு வேட்டை

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். காளவாய்கள் புகைந்த காலம் போய்விட்டது. இன்று அவ்வூரை அடையாளம் காட்டுபவை துறைமுக ரயில் பாதையும் அதன் இருமருங்கிலும் நெருங்கி நிற்கும் குடியிருப்புகளுமே. அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் செம்பூர். தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறைகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் அந்தச் செம்பூர், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஏறக்குறையக் காடாகவே இருந்தது. டிராம்பே குன்றுகளின் அடிவாரம் வரை மரங்கள் அடர்ந்திருந்தன. நகரத்துச் செல்வர் சிலர் கோடையைக் கழிக்க அங்கே வீடு வைத்திருந்தனர். அத்தகைய வீடொன்றுக்கு விடுமுறைதோறும் வந்து தங்கிய ஒரு சிறுவன், குண்டுக்கரிச்சான் பாடுவதைக் கேட்டுக்கொண்டே கண்விழித்த விடியற்காலைகளைத் தன் முதுமையிலும் மறக்கவில்லை.

அச்சிறுவனிடம் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வேட்டை நூல்களைத் தேடித்தேடிப் படித்த அவனுக்கு, பெரிய விலங்குகளை வேட்டையாடிப் புகழ்பெற வேண்டும் என்பதே ஆசை. சலீம் அலி என்பது அவன் பெயர். 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாய் கேத்வாடியில் பிறந்து, மூன்று வயதிற்குள் தந்தையையும் தாயையும் இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தவன். மாமனுக்கு வேட்டையில் ஈடுபாடு உண்டு. மருமகனுக்கும் அவர் அதைத் தடுக்கவில்லை. சிறுவர்களிடையே குறிபார்த்துச் சுடும் போட்டிகள் நடக்கும். அவற்றில் கைதேர்ந்தவனாக விளங்கிய உறவுக்காரப் பையன் ஒருவன் பிற்காலத்தில் பாகிஸ்தானின் முதல் குடியரசுத் தலைவரானான். அவர்தாம் இஸ்கந்தர் மிர்சா. ஒரே முற்றத்தில் சுடப் பழகிய இருவரில் ஒருவர் நாடாளச் சென்றார். மற்றவர் பறவைகளைத் தேடிக் காடு சென்றார். வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகளுக்குக் குறைவில்லை.

அக்காலத்தில் வேட்டை என்பது வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரிக்கும் சுதேச மன்னருக்கும் அது பதவியின் அடையாளம். தோட்டத் துரைக்கு அது வார இறுதி விழா. தென்னாட்டு மலைகள் இந்த வேட்டைக்குப் பெயர்பெற்றவை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் திருவிதாங்கூரின் உயர்மலைகளிலும் காட்டெருதும் புலியும் யானையும் இருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக வரையாடு இருந்தது. செங்குத்தான பாறைச் சரிவுகளில் மேயும் இந்த ஆடு, ஆபத்து கீழிருந்துதான் வரும் என்று எப்போதும் பள்ளத்தாக்கையே பார்த்து நிற்கும். ஆகவே வேட்டைக்காரர் விடியுமுன்பே உச்சிக்கு ஏறி, மேலிருந்து கீழே இறங்கி அதை நெருங்க வேண்டும். மூடுபனி சூழ்ந்தால் அன்றைய முயற்சி வீண். உடல் கறுத்து, முதுகில் வெண்சேணம் போட்டாற்போல மயிர் நரைத்த கிழட்டுக் கடாவைச் சுட்டு வீழ்த்துவது ஒரு துரையின் வாழ்நாள் பெருமையாகக் கருதப்பட்டது. கொம்பின் நீளத்தை அங்குலக் கணக்கில் அளந்து எழுதிவைப்பார்கள். ஆட்டின் இருப்பிடத்தை அறிந்து, பாறைகளுக்கிடையே வழிகாட்டி அழைத்துச் சென்ற முதுவருக்கு அந்தப் பதிவில் பெரும்பாலும் இடமிருக்காது.

அளவுமீறிச் சுட்டதால் விலங்குகள் அருகின. அந்த அச்சத்தில் 1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் இயற்றியது. மூணாற்றுத் தோட்டக்காரர்களும் இரவிகுளம் மேட்டுநிலத்தைத் தங்கள் வேட்டைக்கெனப் பாதுகாத்து, முதுவர்களைக் காவலுக்கு வைத்தனர். சுடுவதற்காகக் காத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் காத்தார்கள் என்பதும் உண்மையே. அந்த மேட்டுநிலம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. வரையாடு இன்றும் அங்கே மேய்கிறது.

பம்பாயிலும் இதே கதைதான், வேறு உருவில். 1883 செப்டம்பரில் நகரவாசிகள் எண்மர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அவர்களுள் இருவர் இந்திய மருத்துவர்கள்: ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன். முதலில் பைகுல்லாவிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கூடினார்கள். அடுத்த ஆண்டு முதல், உறுப்பினரான ஃபிப்சன் என்பவரின் மதுக்கடையிலேயே ஒரு பகுதி சங்கத்திற்கு ஒதுக்கப்பட்டது. வேட்டையாடி வந்தவர்கள் தாம் கண்டதையும் கொன்றதையும் அங்கே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பேசுவார்கள். 1886இல் சங்கத்தின் இதழ் வெளிவரத் தொடங்கியபோது வேட்டைக் குறிப்புகளுக்கு அதில் நல்ல இடம் கிடைத்தது.

சிறுவன் சலீம் அந்த வாசற்படியை மிதித்தது ஒரு சிட்டுக்குருவியின் பொருட்டு. கறிக்காகச் சுட்ட குருவிகளுள் ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. மார்க்க விதிப்படி இதைத் தின்னலாமா என்று அவனுக்கு ஐயம் எழுந்தது. மாமனிடம் சென்றான். சங்கத்தின் உறுப்பினரான அவர், செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். மில்லார்டின் நாற்காலிக்குப் பின்னே பெரிய கூண்டில் வில்லியம் என்ற இருவாய்ச்சிப் பறவை வீற்றிருக்கும். 1894 முதல் 1920 வரை அலுவலகத்திலேயே வாழ்ந்து, சங்கத்தின் சின்னமாகவே ஆகிவிட்ட பறவை அது. மில்லார்டு குருவியை வாங்கிப் பார்த்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நில்லாமல், இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்யப்பட்ட பறவைகளை வரிசை வரிசையாகக் காட்டினார். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு சீட்டு கட்டப்பட்டிருந்தது. எங்கே, எந்நாளில், யார் எடுத்தது என்ற விவரம் அதில் எழுதப்பட்டிருந்தது.

இந்தச் சீட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அதைப் பற்றியதே.

பள்ளிப் படிப்பில் சலீம் சிறந்து விளங்கவில்லை. 1914இல், தமிழர் பலரும் பிழைப்புத் தேடிப் போன பர்மாவுக்கே அவரும் போனார். தெற்கே தவாய்ப் பகுதியில் அவருடைய தமையனார் உல்ஃப்ராம் சுரங்கத் தொழிலும் மர வாணிகமும் நடத்திவந்தார். 1917இல் திரும்பி வந்து வணிகமும் விலங்கியலும் பயின்றார். 1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தெஹ்மினாவை மணந்தார். தெஹ்மினா இங்கிலாந்தில் கல்வி கற்றவர். நாகரிகச் சூழலில் வளர்ந்த அந்தப் பெண்மணி கணவரோடு பர்மாக் காட்டுக்குப் புறப்பட்டார். சில ஆண்டுகளில் தொழில் நொடித்து, இருவரும் வெறுங்கையோடு பம்பாய் திரும்பினர்.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பார்வையாளர்களுக்கு விளக்கம் கூறும் விரிவுரையாளர் பதவி சலீமுக்குக் கிடைத்தது. வேல்ஸ் இளவரசர் பெயரால் அன்று வழங்கிய அந்தக் காட்சியகம், இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்க்ரஹாலயா என்னும் பெயரோடு கோட்டைப் பகுதியின் தென்கோடியில் நிற்கிறது. 1929இல் விடுப்பெடுத்து பெர்லினுக்குச் சென்று, பறவையியல் பேரறிஞர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. பட்டம் இல்லை, வேலை இல்லை, கற்ற வித்தையோ சோறு போடாத வித்தை.

தம்பதியர் பம்பாய்க்குத் தெற்கே கடலுக்கு அப்பாலுள்ள கிஹீம் என்ற கடற்கரைக் கிராமத்திற்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தூக்கணாங்குருவிகளின் கூடுகளை ஒரு பருவம் முழுதும் கண்கொட்டாமல் கவனித்து சலீம் எழுதிய கட்டுரையே அவருக்கு உலகப் பெயரைத் தேடித் தந்தது. அதைத் தொடர்ந்துதான் அந்தத் துணிச்சலான யோசனை பிறந்தது. இந்தியாவின் சமஸ்தானங்கள் பலவற்றின் பறவைகள் அதுவரை முறையாக ஆராயப்படவில்லை. சமஸ்தான அரசு முகாமுக்கும் போக்குவரத்துக்குமான செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். தமக்குச் சம்பளம் வேண்டாம் என்றார் சலீம். சம்பளமற்ற அந்த வேலைக்கு மனைவி இணங்கினார் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1931, 1932 ஆண்டுகளில் ஹைதராபாத். 1933இல் திருவிதாங்கூரும் கொச்சியும்.

இங்கேதான் பம்பாய்த் தம்பதியரின் பாதை நம்மவர் பாதையோடு வந்து கலக்கிறது. 1933 ஜனவரியில் அவர்களுடைய முதல் முகாம் மறையூரில் அமைந்தது. உடுமலையிலிருந்து ஆனைமலைக் காட்டைக் கடந்தால் மழைமறைவுப் பள்ளத்தாக்கில் கிடக்கும் அந்த ஊரும் அதன் சுற்றூர்களும் அஞ்சுநாடு என வழங்கப்படும். கொங்கிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் சென்ற தமிழ் உழவர்கள் பல தலைமுறைகளாக அங்கே நெல் விளைவித்து வந்தனர். அதற்கு மேலே மூணாறு. தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை மாவட்டங்களிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக மலையேறியவர்கள். அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேறு சிலர் ரயிலேறித் தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தார்கள். ஊர் விட்டு ஊர் போன தமிழர்களிடையே ஒரு சாராரைப் பம்பாயிலேயே கண்டிருந்த தம்பதியர், மறு சாராரை மூணாற்று மேகங்களுக்கிடையே கண்டிருப்பார்கள்.

மறையூர், மூணாறு, குமுளி, பீர்மேடு, தட்டேக்காடு, தென்மலை எனத் தெற்கே சென்ற அந்த ஆய்வு, இன்று தமிழ்நாட்டில் சேர்ந்துள்ள ஆரல்வாய்மொழியையும் கன்னியாகுமரியையும் தொட்டது. கொச்சி அரசில், பறம்பிக்குளக் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்குமரம் இறக்கிய காட்டு டிராம் பாதையின் ஓரத்தில் குரியார்குட்டி என்ற இடத்திலும் முகாமிட்டார்கள். 1907இல் ஓடத் தொடங்கிய அந்த டிராம் 1960களில் நின்றுபோயிற்று. காடு அதன் தடத்தை மூடிவிட்டது. அன்றைய முகாம்கள் சிலவற்றைச் சுற்றி யானையும் காட்டெருதும் நடமாடின. பெரியாற்று ஏரியோ, 1895இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையால் பிறந்தது. அதன் கரைகள் புலிக்கும் யானைக்கும் பெயர்போனவை. அடுத்த ஆண்டே, 1934இல், திருவிதாங்கூர் அரசு அங்கே நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயத்தை ஏற்படுத்தியது.

பெரிய வேட்டைக்காரனாக வேண்டுமென்று கனவு கண்டவர் பெரிய வேட்டைக்குரிய காட்டிலேயே, கையில் துப்பாக்கியோடு நின்றார். சுட்டார். ஆனால் அவர் தேடிச் சுட்டவை விரல் நீளக் கதிர்க்குருவிகளும் சிலம்பன்களும் மரங்கொத்திகளுமே.

இந்த வேட்டையின் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது. புலியைச் சுடுபவருக்குக் குண்டு துளைத்தால் போதும். சிறு பறவையைச் சுடுபவரோ இறகு கலையாமல், தோல் கிழியாமல் வீழ்த்த வேண்டும். ஆகையால் கடுகினும் நுண்ணிய ரவை அடைத்த தோட்டாக்களைப் பயன்படுத்துவர். பறவை விழுந்தவுடன் அலகு, கால், கண் ஆகியவற்றின் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; உயிர் போன சிறிது நேரத்தில் அந்நிறங்கள் மங்கிவிடும். காயத்தில் பஞ்சு வைத்து, காகிதக் குழலில் செருகி, முகாமுக்குக் கொண்டுவர வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் உடல் விரைவில் அழுகும். எனவே அன்று எடுத்ததை அன்றே உரித்தாக வேண்டும். உள்ளுறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா, இனப்பெருக்கக் காலமா அல்லவா என்று தீர்மானித்தபின், தோலின் உட்புறத்தில் பாஷாணம் தடவி, பஞ்சு திணித்து, தைத்து, காயவைக்க வேண்டும். எறும்பு தின்னாமல், பூஞ்சை பிடிக்காமல், காட்டெலி கடிக்காமல் காக்க வேண்டும். கடைசியாகச் சீட்டு: இடம், நாள், உயரம், பால், நிறங்கள். எல்லாம் முடியும்போது லாந்தர் விளக்கில் எண்ணெய் தீர்ந்திருக்கும். மறுநாள் விடியுமுன் மீண்டும் புறப்பாடு.

இத்தகைய வாழ்வில் ஒரு முகாம் நடப்பது எளிதன்று. சில நாட்களுக்கு ஒருமுறை கூடாரத்தைப் பிரித்து, மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் ஏற்றி, அடுத்த இடத்தில் அடித்தாக வேண்டும். அரிசியும் மாவும் எண்ணெயும் எங்கிருந்து வரும், எத்தனை பேருக்குச் சமையல், காய்ச்சல் கண்ட கூலியாளுக்கு என்ன மருந்து, அட்டை கடித்த கால்களுக்கு என்ன பரிகாரம் என்பவை அன்றாடக் கேள்விகள். தொடக்க கால ஆய்வுகளில் தெஹ்மினா கணவரோடு இவை அனைத்தினூடும் சென்றார், உறுதுணையாக நின்றார். அவர் விரும்பியிருந்தால் பம்பாயில் உறவினர் இல்லத்தில் வசதியாக இருந்திருக்கலாம். காட்டை அவர் தாமே விரும்பிச் சென்றார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கடமைக்காக மட்டும் எவரும் ஆண்டுக்கணக்கில் அட்டைக் கடியைப் பொறுப்பதில்லை. கணவரின் ஆங்கில நடை செம்மையுற்றதற்கும் அவரே காரணம் என்று சலீம் அலி நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் படித்து மகிழ்ந்த அந்தத் தெளிந்த நடை, ஒரு பகுதி கூடாரத்து விளக்கொளியில் உருவானது.

அதே ஆண்டுகளில் உலகின் வேறு மூலைகளிலும் தம்பதியர் காடு புகுந்தனர். அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சனும் அவர் மனைவி ஓஸாவும் 1924 முதல் 1927 வரை வட கென்யாவின் மார்சபிட் மலையிலுள்ள ஏரிக்கரையில் குடியிருந்து, யானைகளையும் சிங்கங்களையும் திரைப்படம் எடுத்தனர். கணவர் படம்பிடிக்க, மனைவி அருகில் துப்பாக்கியோடு நிற்பார். விலங்கு பாய்ந்தால் சுட வேண்டியவர் அவரே. அவர்களது 'சிம்பா' படம் 1928இல் வெளிவந்து பெருங்கூட்டத்தை ஈர்த்தது. ஓஸாவின் பெயர் கணவர் பெயருக்கு இணையாக விளம்பரத் தட்டிகளில் பொறிக்கப்பட்டது. தெஹ்மினாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. படச்சுருளுக்குப் பணம் கொடுக்க அமெரிக்கச் செல்வர்கள் இருந்தார்கள். பறவைச் சீட்டுக்கு அத்தகைய சந்தை ஏது?

திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் சேகரித்த தோல்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஹ்யூ விஸ்லர் என்னும் பறவையியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். ஆய்வின் முடிவுகள் 1935 முதல் 1937 வரை பம்பாய்ச் சங்கத்தின் இதழில் தொடர்ந்து வெளிவந்தன. ஆசிரியர் சலீம் அலி, குறிப்புகள் விஸ்லர். 1953இல் அது விரிந்து திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய தனி நூலாயிற்று. தலைப்புப் பக்கத்தில் முகாம் நடத்தியவரின் பெயர் இல்லை. முகாமுக்கு வழிகாட்டிய மலைவாசிகளின் பெயரும் இல்லை. அக்கால வழக்கம் அது.

இத்தனை பறவைகளைக் கொன்றது சரியா என்ற கேள்வியை இக்காலத்தார் எழுப்புவர்; எழுப்ப வேண்டியதுதான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தபின் வளர்ந்த தலைமுறைக்கு, துப்பாக்கி ஏந்திய பறவை அன்பர் முரண்பாடாகவே தோன்றுவார். சலீம் அலி அறிவியலுக்கான சேகரிப்பைத் தயங்காமல் ஆதரித்தவர். கையிலெடுத்துப் பாராமல் ஒத்த உருவமுள்ள சிற்றினங்களைப் பிரித்தறிய அன்று வேறு வழி இல்லை என்பது அவர் தரப்பு. அது பெரும்பாலும் மெய்யே. ஒலிப்பதிவுக் கருவியும் தொலைநோக்கு ஒளிப்படக் கருவியும் மரபணுச் சோதனையும் அன்று ஏது? எனினும் என்னைத் திருப்திப்படுத்தும் விடை வேறிடத்தில் இருக்கிறது.

2009இல், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, கேரளத்துப் பறவை ஆய்வாளர்கள் அதே பாதையில் மீண்டும் புறப்பட்டனர். தம்பதியர் முகாமிட்ட அதே இடங்களை நாடிச் சென்று, எந்தப் பறவை இன்னும் இருக்கிறது, எது இல்லை, எது புதிதாக வந்திருக்கிறது என்று கணக்கெடுத்தனர். காடு தோட்டமாகிய இடமும், தோட்டம் நகரமாகிய இடமும் அவர்கள் கண்ணில் பட்டன. இந்த ஒப்பீடு எப்படி இயன்றது? 1933இல் எழுதிய சீட்டில் இடமும் நாளும் இருந்ததால் இயன்றது. ஒரு மாளிகைச் சுவரில் தொங்கும் வரையாட்டுத் தலை எத்தனை அங்குலக் கொம்புடையது என்று சொல்லும். அது நின்ற மலை இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இராது.

தெஹ்மினாவின் கதை 1939இல் திடீரென முடிந்தது. ஒரு சிறிய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து அவர் காலமானார். பிள்ளைகள் இல்லை. இருபது ஆண்டுத் துணையை இழந்த சலீம் அலி நிலைகுலைந்து போனார். பின்பு தம் சகோதரியின் குடும்பத்தோடு பம்பாயில் வாழ்ந்தார். வேலையில் தம்மை மூழ்கடித்துக்கொண்டார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நூல் அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது. பத்மபூஷண் 1958இலும் பத்மவிபூஷண் 1976இலும் வந்தன. முகாம்களில் மிகுந்த வளமுடையதாக அவர் கண்ட தட்டேக்காடு, 1983இல் பறவைச் சரணாலயமாகி இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1987 ஜூனில், தொண்ணூறு வயது நிறைந்தபின், பம்பாயிலேயே அவர் மறைந்தார்.

1959இல் சங்கத்தின் வழியே அவர் தொடங்கிய இன்னொரு பணி தமிழ்நாட்டோடு நெருங்கியது. பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு உலோக வளையம் மாட்டி, மீண்டும் பறக்கவிடும் பணி அது. வளையத்தில் பம்பாய்ச் சங்கத்தின் பெயர் இருக்கும். எங்கோ ஒரு வடநாட்டில் அந்தப் பறவை அகப்பட்டால், அது வந்த வழி தெரிந்துவிடும். வேதாரணியத்திற்குத் தெற்கே, 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையில் இந்த வளையப் பணி பல்லாண்டுகள் நடந்தது. வடக்கே குளிர் தொடங்கியதும் உப்பங்கழிகளை நாடி வரும் உள்ளான்களும் பூநாரைகளும் அங்கே திரளும். மில்லார்டின் இழுப்பறையில் இறந்த பறவையின் காலில் கட்டியிருந்த சீட்டுத்தான் இது. ஆனால் உயிருள்ள பறவையின் காலில், பறந்துகொண்டிருக்கும் சீட்டு. காற்றுத் துப்பாக்கிச் சிறுவன் அந்த இடத்திற்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது.

சலீம் அலியின் பெயரை உயிரினங்கள் சில தாங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று தேனி மாவட்டத்து மேகமலைக்காரர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. 1948இல் அந்த மலையில் கிடைத்து, வேறெதுவோ எனத் தவறாகக் கருதப்பட்டு, 1972இல்தான் தனி இனமென்று அறியப்பட்ட பழந்தின்னி வௌவால் அது. பறவை மனிதரின் பெயர் வௌவாலுக்குப் போனது ஒரு வேடிக்கை.

தெஹ்மினாவின் பெயரோ ஒரு பறவைக்கே கிடைத்தது. தென் திருவிதாங்கூர்க் காடுகளில் அந்தப் பயணத்தின்போது எடுத்த பொன்முதுகு மரங்கொத்திகளை விஸ்லரும் கின்னியரும் ஆராய்ந்தபோது, அவை பிற இடங்களின் மரங்கொத்திகளினின்று சற்று வேறுபட்டிருக்கக் கண்டனர். முதுகில் பொன்னிறம் குறைந்து பசுமை கலந்திருந்தது. தொண்டைப் புள்ளிகளும் நுண்மையாக இருந்தன. 1934இல் அதனைத் தனித் துணையினமாக அறிவித்து, அதன் இலத்தீன் பெயரின் இறுதிச் சொல்லாக 'தெஹ்மினே' என்பதைச் சூட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலும் அதன் அடிவாரத் தென்னந்தோப்புகளிலும் அந்தப் பறவை இன்றும் மரத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறது. அதன் உறவினமான மற்றொரு பொன்முதுகு மரங்கொத்தி மும்பையின் பழைய மரங்களிலும் உண்டு. உரத்த கனைப்புப் போன்ற அதன் குரல், ரயில் ஓசை சற்று ஓய்ந்திருக்கும் காலை வேளையில் செம்பூரிலும் கேட்கலாம்.